பூச்சிக்குள்ளே ஒரு ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர்

எலக்ட்ரிக்கல் படிக்கிறவன் பூச்சியைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு ஃபீஸ் கட்டியது பட்டுப்புழு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு முறை புழு நன்றாகத் தின்று கொழுத்தது. ஆனால் கூடு கட்டவில்லை. எட்டு நாளில் கட்ட வேண்டியது, பத்து நாளாகியும் தின்றுகொண்டே இருந்தது. அம்மா கண்ணு பட்டுடுச்சுன்னு சொல்லிச்சு. அப்பா முட்டை கொடுத்தவர்களைத் திட்டினார். பிறகு மொத்தத்தையும் குழியில் கொட்டினோம்.

விஷயம் இதுதான். பூச்சி உடம்பில் எக்டைசோன் என்று ஒரு ஹார்மோன். 1954-ல் ஜெர்மனியில் பூட்டெனான்ட், கார்ல்சன் இருவரும் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து 25 மில்லிகிராம்தான் எடுக்க முடிந்தது! 1960-ல் கிளெவரும் கார்ல்சனும் அதை ஒரு சின்ன ஈயின் புழுவுக்கு ஊசியால் ஏற்றினார்கள். அரை மணிக்குள் குரோமோசோமில் குறிப்பிட்ட இடம் உப்பியது. அங்கே மரபணு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

முதலில் எழும் மரபணுக்கள் அடுத்த கூட்டத்தை எழுப்பிவிட்டு, தாங்கள் அணைந்துவிடும் என்று 1974-ல் ஆஷ்பர்னர் குழுவினர் விளக்கினார்கள். நம்ம ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரேதான். ஸ்டார் விழுந்தால்தான் டெல்டா பிடிக்கும்.

இன்னொரு ஹார்மோன் 'நீ இன்னும் புழுதான்' என்று பிடித்து வைக்கும். இளமை ஹார்மோன். அது குறைந்த பிறகு எக்டைசோன் வந்தால்தான் கூட்டுப்புழு. பைரிப்ராக்சிஃபென் என்ற வெள்ளை ஈ மருந்து அந்த இளமை ஹார்மோன் மாதிரியே நடிக்கும். அந்த முறை இலை பத்தாமல், பக்கத்துக் கத்தரித் தோட்டத்து ஓரத்தில் பறித்தோம். அங்கே அடித்திருந்தது அதே மருந்து.

'மருந்து பட்ட இலை போடாதீங்க' என்று அதிகாரிகள் சொல்லாமல் இல்லை. ஆனால் எங்க ஆளுங்களுக்கு மருந்துன்னா புழு சாகணும். சாகவில்லையே, அப்புறம் என்ன என்று போட்டார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டாமா? விவசாயிக்கு இதெல்லாம் புரியாது என்று யார் முடிவு செய்தது? மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாட்டத் தெரிந்தவருக்கு இது புரியாதா?

போன லீவில் அப்பாவிடம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவைத்துச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ டெல்டாவே விழலைன்னு சொல்லு" என்றார்.