கைப்பேசி: முதல் நாளும் ஐந்தாம் ஆண்டும்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், நியூயார்க் நகரத் தெருவில் நின்றபடி மோட்டரோலா நிறுவனப் பொறியாளர் மார்ட்டின் கூப்பர் கையடக்கத் தொலைபேசியில் முதன்முதலாகப் பேசினார். அக்கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் சற்று அதிகம். இந்தியாவில் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் முதற்பேச்சைத் தொடங்கினார். அன்று அமைச்சர்கள் கையில் இருந்த பொருள் இன்று ஆடு மேய்ப்பவர் கையிலும் இருக்கிறது. இதனை அறிவியலின் வெற்றி என்றால் அது மிகையாகாது. ஆனால், பொருள் வந்த வேகத்தில் அதைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் நம்மிடம் வந்துவிட்டதா?

“கைப்பேசி மாணவனைக் கெடுக்கிறது” என்று ஆசிரியப் பெருமக்கள் சிலர் கூறுவதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் ஆகிய யாவும் இன்று கைப்பேசி வழியாகவே வருகின்றன. என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு அது வீட்டு அலுவலகமும் ஆகும். அம்மாவின் வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை, மின்கட்டணம் எல்லாம் அதற்குள்தான். இப்படிப்பட்ட பொருளை வாங்கும்போது கேட்டறிய வீட்டில் விவரம் தெரிந்த மூத்தவர் இல்லை. ஆகவே, வேலை செய்யும் இடத்தில் கேட்கிறோம்.

நான் மாலை வேளைகளில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அங்கே என்னோடு வேலை பார்க்கும் அண்ணன்மார் மூவரும் கைப்பேசிப் பிரியர்கள். புதிய மாடல் எந்த நாளில் வெளிவரும் என்பதைப் பஞ்சாங்கம் போல ஒப்பிப்பார்கள். “பன்னிரண்டாயிரத்துக்குள் ஒரு போன் சொல்லுங்கண்ணே” என்றேன். ஒருவர், “இன்னும் மூவாயிரம் போட்டா நல்ல கேமரா வரும் தம்பி” என்றார். அடுத்தவர், “பதினஞ்சு போடுறவன் பதினெட்டாப் போட்டா கேம் விளையாடலாமே” என்றார். மூன்றாமவர் இருபத்திரண்டாயிரத்தில் கொண்டுபோய் நிறுத்தி, “மீதிக்கு வட்டியில்லாத் தவணை இருக்குடா” என்று வழியும் காட்டினார். அரை மணி நேரத்தில் பத்தாயிரம் ரூபாய் ஏறிவிட்டது. அது என் இரண்டு மாதச் சம்பளம்.

அவர்கள் சொன்னதில் பொய் ஏதுமில்லை, அன்போடுதான் சொன்னார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை பழையதை விற்றுப் புதியதை வாங்குபவர்கள். ஆகவே கைப்பேசியின் முதல் நாள் அழகு அவர்களுக்கு அத்துபடி. நானோ ஐந்து ஆண்டு வைத்திருந்து, பிறகு அதை அம்மாவிடம் கொடுக்க வேண்டியவன். என் கேள்வி ஐந்தாம் ஆண்டைப் பற்றியது. ஆலோசனை கேட்கப் போகும் நாம், நம் கேள்வியையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பதே நான் வலியுறுத்துவது.

ஐந்தாம் ஆண்டுக் கேள்விகள் யாவை?

முதலாவது, பாதுகாப்புப் புதுப்பிப்பு. மென்பொருள் பழசானால் வங்கிச் செயலிகள் ஒருநாள் வேலை செய்ய மறுத்துவிடும். 2023இல் வந்த பிக்சல் 8, 2024இல் வந்த கேலக்சி எஸ்24 ஆகிய விலையுயர்ந்த கருவிகளுக்கு 7 ஆண்டுப் புதுப்பிப்பு உண்டு என அவற்றின் நிறுவனங்கள் அறிவித்தன. குறைந்த விலைக் கருவிகளில் இது மாடலுக்கு மாடல் மாறுபடும். ஐரோப்பிய ஒன்றியமோ, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் புதுப்பிப்பு தர வேண்டும் என்ற விதியை 2025 ஜூன் 20 முதல் நடைமுறைப்படுத்தியது. எத்தனை ஆண்டு என்று கடைக்காரரிடம் கேட்க நாம் கூச்சப்படலாகாது.

இரண்டாவது, மின்கலம். 5,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால், அரை ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் என்று நம் பாடமே சொல்கிறது. ஆனால் லித்தியம் அயனி மின்கலம், ஏற்றி இறக்க இறக்கத் தன் கொள்ளளவை இழக்கும். அதை நம் ஊரிலேயே மாற்ற முடியுமா, உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதே கேள்வி.

மூன்றாவது, எண்களின் மயக்கம். 50 மெகாபிக்சல் கேமரா பெரும்பாலும் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தையே தருகிறது. “8+8 ரேம்” என்பதில் பின்னுள்ள எட்டு, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. அசல் ரேமின் வேகம் அதற்கு இல்லை. இந்த இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதே அண்ணன்மார்தாம்! சரியான கேள்வியைக் கேட்டால் அவர்களைவிடச் சிறந்த ஆசான்கள் இல்லை.

இறுதியாக, தவணை. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. வட்டி, நமக்குக் கிடைத்திருக்க வேண்டிய தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ ஒளிந்திருக்கும். ஒரு மாதத் தவணை தவறினால் அபராதமும் சேரும். மாத வருமானம் உறுதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும். கேமராவுக்காக ஏறும் மூவாயிரம், தேர்வுக் கட்டணத்திலிருந்து இறங்குகிற மூவாயிரமாக இருக்கக்கூடும்.

நான் இக்கேள்விகளோடு மறுபடியும் அண்ணன்மாரிடம் சென்றேன். பன்னிரண்டாயிரத்துக்கு உட்பட்ட மாடல்களில் எது நீண்ட நாள் புதுப்பிப்புப் பெறும், எதற்கு நம் ஊரில் உதிரிப்பாகம் கிடைக்கும் என்று மூவரும் கூடிப் பேசி ஒன்றைச் சொன்னார்கள். ரொக்கமாக வாங்கினேன். *#06# என்று அழுத்தி, வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் பெட்டியிலும் பில்லிலும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னவரும் அவர்களில் ஒருவரே. கைப்பேசி தொலைந்தால், 2023இல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த எண் வேண்டும்.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர் சேர்ந்தவுடன், இயற்பியல் துறையும் கணினி அறிவியல் துறையும் இணைந்து ஒரே ஒரு மணி நேரம், கைப்பேசிப் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள விவரங்களைப் படிக்கக் கற்றுத்தரலாகாதா? ஆம்பியரும் வோல்ட்டும் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிட்டால் என்ன பயன்? வீட்டில் கேட்க ஆளில்லாத மாணவனுக்குக் கல்லூரிதானே மூத்தவர்!

நண்பர்களே, விவரம் அறிந்தவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்கும் முன், எத்தனை ஆண்டுக்கு, யாருக்காக, எவ்வளவு பணத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் சட்டைப்பையில் இருக்கும்வரை விலை தானாக ஏறாது.