வெட்கம் யாருடையது?

குளித்த ஈரத்தோடு ஆடையின்றி ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்து நம் இல்லங்களில் எழும் சொல் எது? 'ஷேம் ஷேம்'. வீடே கூடிச் சிரிக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் முழங்காலுக்கும் பெயர் சொல்லித் தந்த நாம், அந்த ஓர் உறுப்புக்கு மட்டும் அவமானத்தையே பெயராகச் சூட்டியிருக்கிறோம்; அதையும் பிறமொழியில் இரவல் வாங்கி! ஆண்குறி, பெண்குறி என்னும் சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. மேல்வகுப்பு உயிரியல் நூலில் அவை அச்சாகியே உள்ளன. ஆறு வயதில் தேவைப்படும் சொல், பருவம் கடந்தபின் தேர்வுக்காக வந்து சேர்கிறது.

'பிஞ்சு நெஞ்சில் இதையெல்லாம் விதைக்கலாமா?' என்று கேட்போர் நம் பங்குகளில் பலர். அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றே. தகாத முறையில் தீண்டப்பட்ட குழந்தை அதை எந்தச் சொல்லால் தன் தாயிடம் சொல்லும்? 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லும். நாம் ஓமத்தண்ணீர் கொடுத்துத் தூங்க வைப்போம்.

மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் கேட்டறிந்தது. அவர்களுள் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். 'எங்கள் வீட்டில் பையன்தானே' என்று நிம்மதி கொள்வோர் இதை இருமுறை படிப்பது நன்று. தீங்கிழைத்தவருள் பாதிப்பேர் குழந்தை அறிந்தவர்கள், நம்பியவர்கள். நாமோ இன்றளவும் பூச்சாண்டியைக் காட்டியே குழந்தைகளை எச்சரித்து வருகிறோம். பூச்சாண்டி வீட்டுக்குள் பாயில் அமர்ந்து காப்பி அருந்துவதில்லை அன்றோ!

சிக்கலின் வேர் கீழ்ப்படிதலைப் பற்றிய நம் எண்ணத்தில் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தையை இழுத்துப் பிடித்து, 'மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு' என்கிறோம். மறுத்தால் 'மரியாதை தெரியாத பிள்ளை' என்ற பட்டம். தன் உடலைப் பற்றித் தனக்குச் சொல் இல்லை, பெரியவருக்கே உண்டு என்பதே அந்தப் பாடம். அதை நன்றாகக் கற்ற குழந்தை, பின்னொரு நாள் வேறொரு பெரியவரிடமும் வாய் திறவாது பணியும். நான்காம் கட்டளையை இதற்குத் துணைக்கழைப்போர் 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2217-ஆம் எண்ணைப் பார்க்கட்டும். தீயதென மனச்சான்று உணர்த்தும் கட்டளைக்குப் பிள்ளை பணியக் கூடாது என்பதே அங்குள்ள போதனை. இதை நம் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளில் எத்தனை பேர் கற்பிக்கிறோம்?

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்று ஆண்டுக்கொரு மணி நேரம் உரை நிகழ்த்திப் படமெடுத்துக்கொள்ளும் பள்ளிகள் உண்டு. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆயினும் மிட்டாயோடும் செல்லப் பேச்சோடும் வரும் தீண்டலைக் குழந்தை எவ்வாறு கெட்டதென்று எடைபோடும்? 'யாரிடமும் சொல்லாதே' என்று பெரியவர் யார் கேட்டாலும் அதை உடனே சொல்ல வேண்டும் என்ற எளிய விதியை ஒன்றாம் வகுப்பிலேயே பதிக்கலாம். 1098 என்ற எண்ணை வாய்ப்பாட்டோடு மனப்பாடம் செய்விக்கலாம். முதலில் சொன்ன இடத்தில் நம்பாவிட்டால் இரண்டாமவரிடம், மூன்றாமவரிடம் சொல் என்று பழக்கலாம். இவற்றில் ஆபாசம் எங்கே இருக்கிறது? வயதுக்கேற்ற, விவேகமுள்ள பாலியல் கல்வி வேண்டுமென்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கிறிஸ்தவக் கல்வி அறிக்கையில் கூறிவிட்டது.

அங்கியணிந்தோரை இதற்கு விலக்காக நிறுத்தவும் இயலாது. சிறார் பாதுகாப்புக்கென்றே 2019 பிப்ரவரியில் உலக ஆயர் பேரவைகளின் தலைவர்களைத் திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் கூட்ட நேர்ந்தது.

இனி, 'ஊருக்குத் தெரியாமல் பேசி முடித்துவிடலாம்' என்னும் குரல். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்ததை அறிந்தும் காவல்துறைக்குத் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தம் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நம் பள்ளித் தாளாளர்களுள் எத்தனை பேர் இதைத் தம் ஆசிரியர்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்கிறார்கள் என்பதை வரும் பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்போம்.