டைல்ஸ் ஊருக்குப் பந்து தந்த பெயர்

ஸ்பெயின் உதைபந்தாட்டம் என்றதும் மட்ரிட்டும் பார்சிலோனாவும்தான் எல்லோர் வாயிலும் வரும். வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியது வில்லாரியல் என்ற சிற்றூரை என்பேன்.

ஸ்பெயினின் டைல்ஸ் உற்பத்தி பெருமளவில் குவிந்திருப்பது கஸ்தெயோன் மாகாணத்தில். அங்குள்ள வில்லாரியலின் சனத்தொகை ஏறக்குறைய 50,000 தான். இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அவ்வூர்க் கழகத்தை 1997 இல் பமேசா டைல்ஸ் நிறுவன அதிபர் பெர்னாண்டோ ரொய்க் வாங்கினார். மறுவருடமே அது முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 2006 இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. 2021 இல் மன்செஸ்டர் யுனைட்டட்டை வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தைச் சுவீகரித்தது. டைல்ஸ் வியாபாரத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத ஊரை உலகம் அறிந்துகொண்டது. 2017 இல் மைதானத்துக்கே 'செரமிக் அரங்கு' எனப் பெயர் மாற்றினார்கள். இப்போது அங்கு நடக்கும் ஒவ்வோர் ஆட்டமும் ஊர்த் தொழிலுக்கு விளம்பரம்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது 2012 ஆம் வருடம். அப்போது கழகம் மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ரொய்க் கைவிடவில்லை. 2013 இல் முதற்பிரிவுக்குத் திரும்பியது.

நமது ஊர்களிலும் கழகங்களுக்குக் குறைவில்லை. ஆனால் நம்மில் பலர் ஒரு சுற்றுப்போட்டிக்கு ஜேர்சி அனுசரணை கொடுத்து, பத்திரிகையில் படம் வந்ததும் ஒதுங்கிவிடுகிறோம். அப்படிக் கொடுக்கும் பணம் வெறும் செலவாகவே முடியும். ஊரின் பெயர் உயர்ந்தால் அவ்வூர்ச் சரக்கின் மதிப்பும் உயரும். அதற்குத் தோல்வியிலும் உடன் நிற்க வேண்டும். ஊர்க் கழகமொன்றுக்கு ஐந்து வருடமாவது தொடர்ந்து தோள்கொடுக்க நமது வர்த்தக சங்கங்கள் முன்வருமா?