கணக்குக்காரனுக்கு எதுக்கு இயற்பியல்?

விருப்பப் பாடமா இயற்பியல் துறையில ஒரு தாள் எடுத்துக்கலாமான்னு போன வாரம் கேட்டேன். "கணக்குக்காரனுக்கு எதுக்குப்பா அது?"ன்னு பதில் வந்தது. அங்கே வாயை மூடிட்டு வந்துட்டேன். இங்கே சொல்றேன்.

பாட்டி பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சத்தம் காட்டிக் கொடுத்துடும். 1982-ல சைமன் டொனால்ட்சன் நாலு பரிமாண வெளிகளைத் தட்டிப் பார்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான். அப்போ அவர் ஆக்ஸ்ஃபோர்டில ஆராய்ச்சி மாணவர். தட்டின விரல், அணுக்கரு விசையைப் புரிஞ்சுக்க 1954-ல யாங்கும் மில்ஸும் எழுதின சமன்பாடு. (மேக்ஸ்வெல்லோட மின்காந்தச் சமன்பாடுகளுக்குத் தம்பி. கேஜ் தியரின்னு சொல்றது இந்தக் குடும்பத்தைத்தான்.) வெளி மேல அந்தச் சமன்பாட்டை எழுதி, இன்ஸ்டான்டான்னு சொல்ற விடைகளை ஒண்ணா அள்ளினா, அவர் எடுத்துக்கிட்ட வகையில அது ஐந்து பரிமாண உருவமா நிக்குது. அதோட ஓரத்துல பார்த்தா, நாம ஆரம்பிச்ச அதே வெளி! இதை வச்சு, சில வெளிகள்ல நுண்கணிதம் செய்யற அளவுக்கு வழுவழுப்பு வரவே வராதுன்னு நிரூபிச்சார்.

அதே சமயத்துல மைக்கேல் ஃப்ரீட்மன், அப்படிப்பட்ட வெளிகள் நிஜமாவே இருக்குன்னு காட்டியிருந்தார். ரெண்டையும் சேர்த்தா தலை சுத்தும். சாதாரண யூக்ளிட் வெளிக்கு மூணு, அஞ்சு, அம்பது பரிமாணத்துல வழுவழுப்பு ஒரே மாதிரிதான். நாலுல மட்டும் எண்ணி முடியாத அளவு வகைகள் (டாப்ஸ், 1987). காலத்தையும் சேர்த்தா நாம இருக்கற பரிமாணம்! இதைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

1994-ல சைபெர்க்-விட்டன் சமன்பாடுகள் வந்தது. அதுவும் இயற்பியல் வீட்டுச் சீதனம்தான். பக்கம் பக்கமா போன நிரூபணங்கள் சுருங்கிச்சு. தாம் ஊகத்தை அந்த வருஷமே க்ரான்ஹைமரும் ம்ரோவ்காவும் முடிச்சாங்க.

உடனே இயற்பியல் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்க வேண்டாம் :-) கேரன் உலன்பெக்கோட பகுப்பாய்வு இல்லன்னா டொனால்ட்சன் ஒரு அடி நகர்ந்திருக்க மாட்டார். அது சுத்தக் கணக்கு. விரலும் வேணும், கேக்கற காதும் வேணும். ரெண்டையும் ரெண்டு கட்டடத்துல பூட்டி வச்சுட்டு, ஆராய்ச்சி வரலைன்னு புலம்பினா எப்படி?

நாலு பரிமாணக் கோளத்துக்கு இன்னொரு வகை வழுவழுப்பு உண்டா? இன்னிக்கும் யாருக்கும் தெரியாது.

அந்த வகுப்புல கடைசி பெஞ்சுல சும்மா உக்கார மட்டும் அனுமதி கிடைச்சிருக்கு. மதிப்பெண் கிடையாது. திங்கட்கிழமை காலை எட்டரை மணி. யாராவது கூட வர்றீங்களா?