டோராவின் தமிழ்க் குரல் யார்? கார்ட்டூனில் பெயர் போடுவது ஏன் முக்கியம்?

2007-ல் சுட்டி டிவி தொடங்கியபோது தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். டோராவும் ஜாக்கி சானும் தமிழில் எப்படிப் பேசுவார்கள் என்று கேட்டால், அப்படியே பேசிக் காட்டுவார்கள். சரி, அது யாருடைய குரல்? இதற்கு மட்டும் பெரும்பாலும் பதில் வராது.

இத்தனைக்கும் தமிழ் டப்பிங் வேலை பெருமளவு நடப்பது கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் வட்டாரத்தில். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான்.

இன்று ஒரு சிறிய பதிவை வைத்தே ஏஐ மென்பொருள் ஒருவரின் குரலை நகலெடுத்துவிடுகிறது. அதனால் 'யார் பேசியது?' என்பது இனி வெறும் க்விஸ் கேள்வி இல்லை.

ஹாலிவுட்டில் என்ன நடந்தது?

பக்ஸ் பன்னி, டாஃபி டக், ட்வீட்டி எல்லாமே மெல் பிளாங்க் (1908-1989) என்ற ஒரே மனிதரின் குரல். சம்பள உயர்வு கேட்டவருக்குப் பணம் கிடைக்கவில்லை. பதிலாகத் திரையில் பெயர் போட்டார்கள். அந்தப் பெயரே அவருக்கு மற்ற வாய்ப்புகளையும் கொண்டுவந்தது. அதே கார்ட்டூன்களில் எல்மர் ஃபட்டுக்குப் பேசியவர் ஆர்தர் க்யூ. பிரையன். அவர் பெயர் வழக்கமாகத் திரையில் வராததால், அதுவும் பிளாங்க் குரல்தான் என்று நினைத்தவர்கள் பலர்.

தமிழில்?

2019-ல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது அரவிந்த்சாமி, சித்தார்த், ரோகிணி, மனோபாலா ஆகியோரின் பெயரைச் சொல்லித்தான் விளம்பரமே செய்தார்கள். ஏற்கெனவே முகம் தெரிந்தவர்களுக்குப் பெயர் கிடைக்கிறது. தினமும் டிவியில் பேசுபவர்களுக்கு அது அரிது.

சட்டம் என்ன சொல்கிறது?

2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 38பி பிரிவு, 'இதை நிகழ்த்தியவர் நான்' என்று அடையாளம் காட்டக் கோரும் உரிமையைக் கலைஞருக்குத் தருகிறது. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமையும் உண்டு.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானதாக, சிறியதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் பெயர் வராவிட்டால், அவரைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்றே கணக்கில் எடுக்காது. தன் நிகழ்த்துதலைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமை மட்டுமே மிஞ்சும். டோரா மாதிரி முக்கியக் குரலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஒரே எபிசோடில் கடைக்காரர், போலீஸ், கூட்டத்தில் ஒருவர் என்று மாறி மாறிப் பேசுபவருக்குத்தான் இது இடிக்கும்.

ஏஐ-க்கு எதிராக?

பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதற்கு 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அவருக்குக் கைகொடுத்தது பிரபலங்களுக்கான ஆளுமை உரிமை. பெயரே தெரியாத கலைஞர் 'இது என் குரல்' என்று எதை வைத்து நிரூபிப்பார்?

அவருக்குக் கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டும்தான். டைட்டிலில் பெயர் வருமா, பதிவை ஏஐ பயிற்சிக்குக் கொடுப்பார்களா, கொடுத்தால் தனிப் பணம் உண்டா? மைக் முன்னால் நிற்பதற்கு முன்பே இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.