ஞாயிற்றுக்கிழமைக் கூலியை யார் கொடுப்பது?

கால்பந்து ஆட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட்டத்தைத் தொடங்கக்கூடாது என்பது விதி. கிழக்கேகோட்டையில் தமிழ்த் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் குழு, இந்தப் பருவத்தின் ஒரு முக்கியமான ஞாயிற்றுக்கிழமையில், ஆறு பேராக மைதானத்தில் போய் நின்றது. நடுவர் கால் மணி நேரம் காத்திருந்தார். எதிரணிக்கு வெற்றி என்று எழுதிவிட்டுப் போனார். பந்தை ஒருமுறைகூட உதைக்காமல் நம் பிள்ளைகள் தோற்றார்கள்.

மற்ற ஐந்து பேர் எங்கே? சினிமாவுக்கா போனார்கள்? ஊர் சுற்றவா போனார்கள்? இருவர் சாலைக் கடைத்தெருவில் வெங்காய லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு, ஓணக் கூட்டம் என்று சொல்லி ஜவுளிக்கடையில் வார விடுமுறையைப் பறித்துவிட்டார்கள். இன்னொருவன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போயிருந்தான். ஐந்தாமவன் முந்திய ஆட்டத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, கரிமடம் காலனியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன்தான் கோல்கீப்பர். ஆறு வாரம் வேலையில்லை. வேலையில்லை என்றால் கூலியுமில்லை. கோட்டை வாசலில் பூக்கட்டி விற்கும் அவன் தாய் வட்டிக்கு வாங்கி அடுப்பை எரியவைத்தார்.

அந்தப் பிள்ளைக்குச் சங்க நிதியிலிருந்து ஏதாவது கொடுங்கள் என்று செயற்குழுவில் கேட்டோம். "பந்து உதைக்கவா ஊரைவிட்டு வந்தோம்? பிழைக்க வந்தவன் பிழைப்பைப் பார்க்கவேண்டும்" என்று பதில் வந்தது. பதில் சொன்ன பெரியவர்மீது நமக்குக் கோபமில்லை. அவரும் மூட்டை சுமந்து முதுகு வளைந்தவர்தான். ஆனால் அதே கூட்டத்தில், அடுத்த தீர்மானத்திலேயே, ஆண்டுவிழா மேடைக்கும் வரவேற்பு வளைவுக்கும் பொன்னாடைகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. "பொன்னாடை போர்த்தவா ஊரைவிட்டு வந்தோம்?" என்று அப்போது எவரும் கேட்கவில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

சங்கத்தின் பத்திரிகையிலேயே சங்கத்தைக் கண்டிப்பதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். வீட்டு விவகாரத்தை வீட்டுக்குள் பேசாமல் வேறெங்கே பேசுவது?

பழைய சண்டை

தோழர்களே, ஆட்டத்துக்காக இழந்த கூலியை யார் கொடுப்பது என்ற கேள்வி கிழக்கேகோட்டையில் முளைத்ததல்ல. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் இதே கேள்வியைக் கேட்டு, ஒரு பெரிய விளையாட்டையே இரண்டாகப் பிளந்தார்கள்.

அந்த நாட்டின் வடக்கே யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆலையிலும் துறைமுகத்திலும் வேலைசெய்தவர்கள் ரக்பி ஆடினார்கள். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. எதிரணியார் மடக்கிக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளுவார்கள். சடுகுடு ஆடிய நம் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். ஆனால் சனிக்கிழமையும் அவர்களுக்கு வேலைநாள். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போகும். அடிபட்டால் அடுத்த வாரக் கூலியும் போகும்.

1893 செப்டம்பரில், லண்டனில் கூடிய ரக்பி தலைமைச் சங்கத்தின் கூட்டத்தில், வடக்கத்தியார் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஆட்டத்துக்காக வேலை நேரத்தை இழப்பவனுக்கு, இழந்த நேரத்துக்கு மட்டும் ஈடு கொடுக்க அனுமதியுங்கள் என்பதே அது. சம்பளம் கேட்கவில்லை, பரிசு கேட்கவில்லை. போன கூலியைத்தான் கேட்டார்கள். ஆதரவாக 136 வாக்குகள், எதிராக 282. பணம் வாங்கி ஆடுவது விளையாட்டின் தூய்மைக்கு இழுக்கு என்றார்கள் கனவான்கள். ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் சோறு போகும் என்ற நிலையை அறியாதவர்களுக்குத் தூய்மை பேசுவது எளிது.

அதே 1893 செப்டம்பரில், யார்க்ஷயரில் ஃபெதர்ஸ்டன் என்ற சுரங்க ஊரில், கதவடைப்பால் வேலையிழந்து நின்ற கூட்டத்தின்மீது பட்டாளம் சுட்டதில் இருவர் மாண்டார்கள். சுரங்கத்தில் கூலிக்காகக் குண்டு. மைதானத்தில் கூலி கேட்டால் தூய்மை உபதேசம். இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன.

இரண்டு ஆண்டு பொறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்குக் கிளப்புகள் கூடின; தலைமைச் சங்கத்தைவிட்டு வெளியேறின; வடக்கு ரக்பி யூனியன் என்ற புதிய அமைப்பைத் தொடங்கின. இழந்த வேலைக்கு நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்வரை ஈடு என்று விதி எழுதின. 1906-இல் அணிக்குப் பதின்மூன்று பேர் என்று ஆட்டத்தையே மாற்றி அமைத்தன. 1922 முதல் ரக்பி லீக் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. கோப்பைக்காகவோ புகழுக்காகவோ பிரியாமல், கூலிக் கணக்கில் பிறந்த ஆட்டம் அது.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். 1907-இல் சிட்னியில், காயமுற்று வேலைக்குப் போகமுடியாத ஆட்டக்காரருக்கு ஈடு கொடுக்காத ஆத்திரம் அங்கே ரக்பி லீக் தொடங்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று. தொடங்கியவர்களில் ஒருவர் விக்டர் டிரம்பர். கிரிக்கெட் உலகம் கொண்டாடிய மட்டையாளர். புகழின் உச்சியில் இருந்தவர் கூலிக்காரர் பக்கம் வந்து நின்றார். நம் ஆண்டுவிழா மேடையில் பொன்னாடைக்காகக் காத்திருக்கும் பிரமுகர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப்பார்க்கட்டும்.

"திறமை இருந்தால் தானே மேலே வருவான்"

இப்படிச் சொல்பவர்கள் உடனே ஐ.எம். விஜயனைக் காட்டுகிறார்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன், இந்தியக் கால்பந்து அணியின் தலைவரானார். 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். உண்மை, நமக்கும் பெருமை. ஆனால் அந்தச் சிறுவனைச் சோடா பாட்டிலிலிருந்து விடுவித்தது எது? பதினேழு வயதில் கேரளப் போலீஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. ஆட்டமும் கிடைத்தது, மாதச் சம்பளமும் கிடைத்தது. அவர் ஆடிய நேரத்துக்கு யாரோ கூலி கொடுத்தார்கள்; ஆகவே திறமை வெளியே வந்தது. கூலி கிடைக்காமல் சோடா விற்றுக்கொண்டே முடிந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

கோட்டையிலிருந்து தெற்கே போய்ப் பாருங்கள். பூவாறு தாண்டி, எல்லையோரத்தில் பொழியூர். சந்தோஷ் கோப்பை ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து தந்துவரும் மீனவக் கிராமம். எல்லைக்கு அப்பால், குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கே ஆடினார். அவர்களும் ஏழைகள்தாம். ஆனால் அங்கே கரை இருக்கிறது, மணல் இருக்கிறது. வலை காயும் நேரத்தில் பந்து உருளுகிறது. நம் பிள்ளைக்கு மணலும் இல்லை, நேரமும் இல்லை. லாரி எப்போது வரும் என்பது லாரிக்காரனுக்குத் தெரியும். கடை எப்போது பூட்டும் என்பது முதலாளிக்குத் தெரியும்.

"ஒரு பெரிய கடையை ஸ்பான்சர் பிடித்தால் போதும்"

இது இளைஞர்களே சிலர் சொல்லும் யோசனை. சட்டையில் கடைப்பெயர் போட்டுக்கொள்வோம், பணம் வரும் என்கிறார்கள். பணம் வரும், கூடவே பணக்காரனின் கையும் வரும்.

மேலே சொன்ன ஃபெதர்ஸ்டன் ஊருக்கே திரும்புவோம். அந்தச் சிற்றூரின் கிளப், ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸ், 1967, 1973, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளில் சவால் கோப்பையை வென்றது. லீட்ஸ் நகரில் பாகிஸ்தானியக் குடும்பத்தில் பிறந்த இக்ரம் பட் அந்த அணிக்கு ஆடியவர். 1995-இல் இங்கிலாந்துக்காகவும் ஆடினார். குடியேறியவர் வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே இடம் இருந்தது. 1984-85 வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டபின் வட்டாரத்துச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கிளப்பை ஊர் மூடவிடவில்லை.

1995-இல் பத்திரிகை, தொலைக்காட்சி முதலாளி ரூபர்ட் மர்டாக் ரக்பி லீக்குக்குப் பணத்தோடு வந்தார். தொகை எட்டுக்கோடியே எழுபது லட்சம் பவுண்டு. நிபந்தனைகள் என்ன? நூறாண்டாகக் குளிர்காலத்தில் நடந்த ஆட்டத்தைக் கோடைக்கு மாற்றவேண்டும். 1996 முதல் மாற்றினார்கள். கூடவே, ஃபெதர்ஸ்டன், காசில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு ஆகிய மூன்று ஊர்க் கிளப்புகளை ஒன்றாகக் கரைத்துக் 'கால்டர்' என்று புதுப்பெயர் வைக்கும் திட்டமும் வந்தது. சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. எங்கள் கிளப்பை விற்க நீங்கள் யார் என்று கேட்டன. திட்டம் கைவிடப்பட்டது. அவர்களால் எதிர்த்து நிற்க முடிந்ததற்குக் காரணம், அது தங்கள் காசில், தங்கள் வியர்வையில் வளர்ந்த கிளப் என்ற உரிமை. ஜவுளிக்கடைக் காசில் வளர்ந்த குழு, ஜவுளிக்கடைக்காரர் விடுமுறையைப் பறிக்கும்போது எந்த வாயால் கேட்கும்?

விடுமுறை பிச்சையல்ல

1960-ஆம் ஆண்டுக் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியருக்கு வாரத்தில் ஒரு முழுநாள் விடுமுறை எழுதப்பட்டிருக்கிறது. எழுதியது தானாக நடக்காது. கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்காரும் உரிமைகூட 2018-இல்தான் அந்தச் சட்டத்தில் ஏறியது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருப் பெண்கள், கழிப்பறை கேட்டும் நாற்காலி கேட்டும் பல ஆண்டு போராடியதன் பலன் அது. உட்காருவதற்கே போராட்டம் வேண்டியிருந்தது என்றால், ஓடி ஆடுவதற்கு வேண்டாமா? நம் பிள்ளைகள் தமிழர்கள், வெளியூர்க்காரர்கள், கேட்க நாதியற்றவர்கள் என்ற தைரியத்தில்தான் அவர்கள் விடுமுறையில் கைவைக்கிறார்கள். நாதி நாமில்லையென்றால் சங்கம் எதற்கு?

இடத்தின் கதையும் இதுதான். பேருந்து நிலையத்தை ஒட்டிய புத்தரிக்கண்டம், பெயர் சொல்வதுபோல, ஒருகாலத்தில் கோயிலுக்குப் புத்தரிசி விளைந்த வயல். பின்னர் எத்தனையோ அரசியல் கூட்டங்களைக் கண்டது. தேர்தல் வந்தால் அங்கே நம்மைத் தமிழில் அழைத்து உட்காரவைப்பார்கள். தேர்தல் போனபின் நம் பிள்ளைகள் பந்தோடு போனால் காவலாளி விரட்டுகிறார். கூட்டத்துக்கு ஆளாக வேண்டுமென்றால் தமிழன் வேண்டும். ஆட்டத்துக்கு இடம் கேட்டால் தமிழன் அந்நியனா?

நாம் வைக்கும் கோரிக்கை

ஒன்று: சங்கம் ஓர் ஆட்ட நிதி தொடங்கட்டும். இருநூறு குடும்பங்கள் வாரம் பத்து ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 1,04,000 ரூபாய். அடிபட்ட பிள்ளைக்கு மருத்துவச் செலவும், படுத்த நாட்களுக்கு ஒரு பகுதிக் கூலியும், வேலையைவிட்டு ஆட வருபவனுக்குச் சிறு ஈடும் அதிலிருந்து கொடுக்கலாம். கணக்கு மாதந்தோறும் இந்தப் பத்திரிகையில் அச்சாகட்டும்.

இரண்டு: வார விடுமுறையைப் பறிக்கும் கடைகளின்மீது தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கச் சங்கம் துணை நிற்கட்டும். பையன் தனியாகக் கையெழுத்துப் போட்டால் வேலை போகும். சங்கம் போட்டால் போகாது.

மூன்று: ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒரு பொது இடத்தைப் பிள்ளைகளுக்கு விடும்படி மாநகராட்சியிடம் மனுக் கொடுப்போம்.

நான்கு: இவையெல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. வாரம் ஆறு நாள் நின்று வேலைசெய்யும் பெண்ணுக்கு ஏழாம் நாள் துணி துவைப்பதற்கு மட்டுமே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆண்டுவிழா வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மேடை சிறிதாகட்டும், பொன்னாடை குறையட்டும், மீதி பணம் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவன் வீட்டுக்குப் போகட்டும். அடுத்த பொதுக்குழுவில் இத்தீர்மானத்தை நாமே கொண்டுவருவோம். வீட்டுக்கு ஒருவர் அல்ல, குடும்பத்தோடு வாருங்கள். 1893-இல் லண்டனில் அந்த 282 வாக்குகள் எதிராக விழுந்தபோது தொழிலாளர்கள் அந்த மண்டபத்தில் சிறுபான்மை. நம் மண்டபத்தில் நாமே பெரும்பான்மை. அங்கும் தோற்றால் பழியை முதலாளிமீதோ மாநகராட்சிமீதோ போட முடியாது.

கோல்கீப்பரின் கட்டுப் பிரித்துவிட்டார்கள். மறுபடி மூட்டை தூக்கப் போகிறான். அடுத்த பருவத்துக்கு வருவாயா என்று கேட்டோம். "சங்கம் என்ன சொல்லுது அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டான்.

பொதுக்குழுவில் சொல்லுங்கள்.