இலவசம் என்பதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது: சிறு ஹாஸ்பிஸ்களின் தரம் பற்றி எங்கள் நிலைப்பாடு

எங்கள் மன்றத்தில் இருப்பவர்கள் மூன்று வகை. புற்றுநோயிலோ பக்கவாதத்திலோ வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், படுத்த படுக்கையாக இருப்போரின் வீடுகளுக்குப் போய்வரும் தன்னார்வலர்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள் சிலர். எங்களைத் தேடி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ஆஸ்பத்திரியில இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. பக்கத்துல ஒரு ஹாஸ்பிஸ் இருக்காமே, நல்ல இடமா?"

அவர்கள் சொல்லும் இடம் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு கட்டில், வாரத்துக்கு இரண்டு முறை வரும் மருத்துவர், ஷிப்டுக்கு ஒரு நர்ஸ், பழைய வேன் ஒன்று, வாசலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டு. அது நல்ல இடமா என்று ஊரில் விசாரித்தால் இரண்டு பதில்கள் கிடைக்கும். "காசே வாங்க மாட்டாங்க, தங்கமான மனுஷங்க" என்பது ஒன்று. "அங்க போனவங்க திரும்பி வந்ததில்ல" என்பது இன்னொன்று. முதல் பதில் நடத்துபவரின் மனசைப் பற்றியது. இரண்டாவது, இனி குணமாகாதவரின் கடைசி நாட்களில் வேதனையைத் தணிக்கத்தான் ஹாஸ்பிஸ் இருக்கிறது என்று தெரியாதவர் சொல்வது. அந்தக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு இன்றிரவு தூக்கம் வருமா என்பதற்கு இரண்டிலுமே பதில் இல்லை.

எங்கள் நிலைப்பாடு இதுதான். சேவை மனப்பான்மையோடு நடத்துகிறார்கள் என்பதற்காக ஒரு ஹாஸ்பிஸைக் கேள்விக்கு அப்பாற்பட்டதாக வைக்கக் கூடாது. அதே சமயம் பெரிய ஆஸ்பத்திரியை அளக்கும் கோலால் அதை அளப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. சிறு ஹாஸ்பிஸின் தரம் அங்கே இருப்பவரின் வலி, தோல், இரவு, கடைசி மூன்று நாள் ஆகியவற்றில் தெரியும். அவற்றைப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வேனில் காய்கறி மூட்டைகளோடும் உயிருள்ள முதியவர்களோடும் ஒரு சடலமும் ஏற்றிச் செல்லப்பட்டது செய்தியாகி, மாநிலமே அதைப் பற்றிப் பேசியது. கைவிடப்பட்டவர்களைச் சேர்த்துப் பராமரித்துவந்த ஓர் இல்லத்தின் வேன் அது. பிறகு அதிகாரிகள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன, அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அந்த இல்லத்தின் நியாய அநியாயத்துக்குள் நாங்கள் போகவில்லை. ஆனால் அந்த வாரம் அங்கே குவிந்த கண்களில் பாதியாவது அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவ்வப்போது எட்டிப்பார்த்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறோம்.

முதியோர் இல்லத்தையும் ஹாஸ்பிஸையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் முதலில் போக வேண்டும். சோறும் படுக்கையும் நல்ல மனசும் இருந்தால் முதியோர் இல்லம் ஓடிவிடும். ஹாஸ்பிஸுக்கு அவை போதாது, மருத்துவம் வேண்டும். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதன்பின் படித்து மருத்துவரானவர். வலி வந்து நோயாளி கெஞ்சிய பிறகு ஊசி போடுவதல்ல, வலி திரும்புமுன் கடிகாரத்தைப் பார்த்து மருந்து கொடுப்பதே முறை என்று அவர் விடாமல் சொன்னார். இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-இல் மும்பையில் வந்தது. அதே ஆண்டில்தான் புற்றுநோய் வலிக்கான மூன்று படி மருந்து முறையை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. மூன்றாம் படியில் இருப்பது மார்ஃபின். ஆகவே எங்கள் முதல் கேள்வியும் மார்ஃபினில்தான் தொடங்குகிறது.

அந்த இல்லத்தில் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? "தேவைப்பட்டால் ஏற்பாடு செய்வோம்" என்றால் இல்லை என்று பொருள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் வந்தபின், பல உரிமங்கள் வாங்கியாக வேண்டுமே என்று பயந்து மருத்துவமனைகளே மார்ஃபினைக் கைவிட்ட காலம் ஒன்று இருந்தது. காசிப்பூரிலும் நீமச்சிலும் அரசுத் தொழிற்சாலைகள் மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினைப் பதப்படுத்திக்கொண்டிருந்தன. நம் ஊர் நோயாளி வலியில் சுவரைக் கீறிக்கொண்டிருந்தார். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தால், சிறிய நிறுவனமும் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற தகுதியை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பெற்று, பதிவேடு வைத்து இருப்பு வைத்துக்கொள்ளலாம். ஆகவே இன்று "சட்டம் விடாது" என்று சொல்கிறவர் ஒன்று விவரம் தெரியாதவர், அல்லது பதிவேடு எழுத அலுத்துக்கொள்பவர். இரண்டில் எதுவானாலும் வலியில் துடிப்பவரை அவரிடம் ஒப்படைக்கத் தயங்க வேண்டும்.

இருப்பு இருந்தால் மட்டும் போதாது. பீரோ சாவி யாரிடம் என்று கேளுங்கள். பகலில் மட்டும் வரும் மேலாளரின் இடுப்பில் அது இருந்தால், ராத்திரி பதினோரு மணிக்கு அந்த இல்லத்தில் மார்ஃபின் இல்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேகம் நான்கு மணி நேரத்தில் தணிந்துவிடும். விடிகாலை இரண்டு மணிக்கு எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை அளவாகக் கொடுப்பது தெரிந்தவர்கள் செய்யும் வழக்கம். எங்கள் மன்றத்துச் செவிலியர் ஒருவர் இதைவிட எளிதான சோதனை ஒன்று வைத்திருக்கிறார். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்ப்பார். மார்ஃபின் எழுதிய சீட்டில் மலமிளக்கியும் இருக்கிறதா என்பதுதான் அவர் தேடுவது. மார்ஃபின் சாப்பிடுகிறவருக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். அதை மறந்தால் நான்காம் நாள் வயிறு கல்லாகி, வலி நின்றவர் வேறு வேதனையில் கிடப்பார். "அந்த ஒரு வரி இருந்தா பயிற்சி இருக்குன்னு அர்த்தம்" என்பார் அவர். எத்தனை சான்றிதழ்கள் சுவரில் மாட்டியிருந்தாலும் இந்த ஒரு வரியைத்தான் நாங்கள் நம்புகிறோம்.

அடுத்தது இரவு. வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவையானால், இரவில் அடித்தால் எடுக்க ஓர் எண் வேண்டும். எடுப்பவர் நோயாளியின் பெயரைக் கேட்டதும் நிலைமை புரிந்துகொள்பவராக இருக்க வேண்டும். சேருவதற்கு முன்பே ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் அந்த எண்ணுக்கு அடித்துப் பாருங்கள் என்று குடும்பங்களுக்குச் சொல்கிறோம். சிலர் இதை அநாகரிகம் என்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

தோலைப் பற்றிக் கொஞ்சம். போர்வையை விலக்கி முதுகின் அடிப்பகுதியையும் குதிகாலையும் காட்டச் சொல்லுங்கள். வேறொருவரின் உடலைப் பார்க்கக் கேட்பது தவறு. உங்கள் நோயாளி சேர்ந்த ஐந்தாம் நாள் அவருக்குப் படுக்கைப்புண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் எழுதிய தாள் கட்டிலில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். வாய்ப் புற்றுநோயாளியின் புண்ணில் நாற்றம் வரும். அதற்காக அவரை மூலை அறைக்குத் தள்ளும் இடங்கள் உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினாலே நாற்றம் பெருமளவு அடங்கும், செலவும் சில ரூபாய்தான். வார்டுக்குள் நுழைந்ததும் ஃபினாயில் நெடி மூக்கைத் துளைத்தால், எதையோ கழுவி மறைக்கிறார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம் வரும்.

எதைச் செய்ய மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லும் இல்லத்தை நாங்கள் அதிகம் மதிக்கிறோம். நம் குடும்பங்களுக்குக் குளுக்கோஸ் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்ற நிம்மதி. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு அது நெஞ்சில் நீர் கட்டவும் மூச்சிரைப்பைக் கூட்டவும் வழி செய்யும். கேட்டதும் ஏற்றிவிடுவது சுலபம். உட்காரவைத்து விளக்குவதற்கு அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணி நேரம் எந்த பில்லிலும் வராது. பால் ஊற்றுவதும் அப்படித்தான். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் வரிசையாக நின்று ஒவ்வொரு கரண்டியாக ஊற்றுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழலில் இறங்கும். இதைக் கண்டு முகம் சுளித்துக் குடும்பத்தை வெளியே அனுப்பும் நர்ஸையும் பார்த்திருக்கிறோம். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டுவைக்கக் கற்றுக்கொடுத்து, கடைசிப் பேரன் வரை ஒவ்வொருவர் கையிலும் அந்தப் பஞ்சைத் தந்த நர்ஸையும் பார்த்திருக்கிறோம். இரண்டாமவர் வேலை பார்த்த இடத்தில் ஏசி கிடையாது, லிஃப்ட் கிடையாது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்ற வேண்டுகோளை எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். பட்டென்று போட்டு உடைப்பதும் கூடாது, நல்லாயிடுவீங்க என்று பொய் சொல்வதும் கூடாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமே மெல்லக் கேட்கத் தெரிய வேண்டும். இல்லத்தை நடத்துபவர் எந்த மதத்தவராகவும் இருக்கலாம். கட்டிலருகே ஒலிக்கும் பிரார்த்தனை படுத்திருப்பவருடையதாகவே இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் நாங்கள் கடுமையாகவே பேசுகிறோம். பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் அன்னதானம் செய்ய வருகிறவர்கள் நோயாளியின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கும் இல்லத்தை, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நன்கொடை இல்லாமல் இந்த இல்லங்கள் ஓடாது என்பது தெரியும். எழும்ப முடியாதவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

எண்களைக் கொண்டு ஒப்பிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சிறிய இடத்தில் எண்கள் ஏமாற்றும். அமெரிக்காவில் மெடிகேர் திட்டம் இறந்தவரின் குடும்பத்தாருக்குக் கேள்வித்தாள் அனுப்பி ஹாஸ்பிஸ்களை ஒப்பிடுகிறது. ஆண்டுக்கு 50-க்கும் குறைவான குடும்பங்களே அந்தக் கேள்வித்தாளுக்குத் தகுதிபெறும் ஹாஸ்பிஸ்கள் அங்கேயே விலக்குக் கேட்கலாம். ஆகவே நட்சத்திர மதிப்பீடு வேண்டாம் என்கிறோம். அதற்குப் பதிலாக, மரணம் நடந்து மூன்று மாதம் கழித்து, காரியங்கள் முடிந்து வீடு அடங்கிய பிறகு, இல்லத்தைச் சேராத ஒருவர் குடும்பத்தாரைப் பார்த்துப் பேச வேண்டும். கடைசி மூன்று நாள் எப்படி இருந்தது, யாரைக் கூப்பிட்டீர்கள், வந்தார்களா, இறப்புச் சான்றுக்கு அலைந்தீர்களா, அதன்பின் இல்லத்திலிருந்து யாராவது உங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்களா என்று கேட்டால் போதும். பத்துக் குடும்பங்களிடம் பொறுமையாகக் கேட்டால் இல்லத்தின் முழு உருவமும் தெரிந்துவிடும்.

அரசிடம் கேட்பது இரண்டு. மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்ய வரும் சிறு ஹாஸ்பிஸ்களைப் பார்வையிடும்போது, மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் கட்டடத்தையும் கழிவு அகற்றலையும் மட்டும் பார்க்காமல் வலிப் பதிவேட்டையும் புரட்ட வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சைக்காக வீடு வீடாகப் போகும் செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அருகிலுள்ள ஹாஸ்பிஸுக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் இருக்கும் நிலை மாற வேண்டும்.

நாங்கள் பார்த்துவந்ததைப் பெயர் சொல்லி வெளியிடுவதா என்பதில் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. ஒரே ஹாஸ்பிஸ் இருக்கும் ஊரில் குறை எழுதினால் வரும் நன்கொடை நின்று அதுவும் மூடிவிடும் என்பது ஒரு தரப்பு. மூடிவிடும் என்ற பயத்தில்தானே இத்தனை நாள் எல்லோரும் வாய்மூடி இருந்தோம் என்பது மறு தரப்பு. இப்போதைக்கு ஓர் இடைவழி எடுத்திருக்கிறோம். குறையை முதலில் இல்லத்திடம் எழுத்தில் கொடுப்போம், திருத்த ஆறு மாதம் விடுவோம். ஆனால் வலி மருந்து இல்லாத இடம் என்றால் ஆறு மாதக் கணக்கு கிடையாது; கேட்டு வரும் குடும்பத்திடம் அன்றைக்கே சொல்லிவிடுவோம்.